அமெரிக்காவுல மெக்சிகன் ரெஸ்டாரண்ட்: எது நிஜம், ஏன் இவ்ளோ ஓடுது?

கேள்வி இதுதான்: டெக்சஸ் மாநிலத்துல டாலஸ் பக்கம் வேலைக்கு வந்திருக்கேன், எங்க திரும்பினாலும் மெக்சிகன் ரெஸ்டாரண்ட்தான், ஆனா ஆபீஸ்ல இருக்கற மெக்சிகோக்காரர் "இதெல்லாம் எங்க ஊர் சாப்பாடே கிடையாது"ங்கறார், அப்போ இது போலியா, போலின்னா ஏன் இப்படி ஓடுது, நிஜமானது எங்க கிடைக்கும்?

முதல்ல அந்த ஆபீஸ்காரர்கிட்ட ஒண்ணு கேளுங்க, அவர் மெக்சிகோல எந்த ஊருன்னு. மெக்சிகோ சிட்டி, புவெப்லா, வஹாக்கா பக்கம்னா அவர் சொல்றது அவரைப் பொறுத்தவரை சரிதான், மஞ்சள் சீஸ் ஊத்தின என்சிலாடாவ (டோர்டியாங்கற மெல்லிசு ரொட்டியச் சுருட்டி மேல சாஸ் ஊத்தினது) அவங்க வீட்டுல யாரும் பண்ணிருக்க மாட்டாங்க. ஆனா மோன்டெர்ரே, சொனோரா, சிவாவான்னு வடக்குக்காரரா இருந்தா அவரே கோதுமை டோர்டியாவும் சுட்ட மாட்டுக்கறியும் சாப்பிட்டு வளர்ந்தவராத்தான் இருப்பார், டெக்சஸ் சாப்பாட்டுல பாதி அவருக்கு சொந்தக்கார சாப்பாடு. மெக்சிகோவுக்குள்ளயே ஒரு மாநிலத்து சாப்பாடு இன்னொரு மாநிலத்துக்காரருக்கு புதுசு. "மெக்சிகன்"னு ஒரே சாப்பாடு இருக்குன்னு நெனச்சுக்கிட்டு தேடினா எங்கயும் கிடைக்காது, இதுதான் நான் சொல்ல வர்ற முதல் விஷயம்.

ரெண்டாவது, டெக்சஸே மெக்சிகோவா இருந்த ஊர். 1836ல பிரிஞ்சு, 1845ல அமெரிக்காவோட சேர்ந்து, அப்புறம் போர் நடந்து, 1848ல குவாதலூப்பே இதால்கோ ஒப்பந்தம் போட்டு கலிபோர்னியா, நியூ மெக்சிகோ, அரிசோனான்னு மெக்சிகோ தன் நிலத்துல பாதிய இழந்துச்சு. அங்க இருந்த குடும்பங்க எங்கயும் போகல, அவங்க வீட்டத் தாண்டி எல்லைக்கோடுதான் தெக்கால நகர்ந்து போச்சு. அந்தக் குடும்பங்க அவங்க ஊர்ல கிடைச்சத வெச்சு, அதாவது ராஞ்ச்ல நிறைய மாடு, கோதுமை, அப்புறம் கடையில வந்த டப்பா சாமான், இதெல்லாம் வெச்சு சமைச்சதுதான் டெக்ஸ்-மெக்ஸ். அத போலின்னு சொல்றது எனக்கு ஒத்துக்காது. அது தெக்கத்தி மெக்சிகன் இல்ல, அவ்ளோதான்.

இதுக்கு ஆரம்பம்னு ஒரு இடத்தக் காட்டணும்னா சான் அன்டோனியோ. 1800கள் கடைசியில அங்க பிளாசாவுல சாயங்காலம் ஆனா மெக்சிகன் பொம்பளைங்க வீட்டுலயே பெரிய பானையில சமைச்சத வண்டியில ஏத்திக்கிட்டு வந்து, விறகு அடுப்புல சூடு ஆறாம வெச்சு, லாந்தர் வெளிச்சத்துல பலகை மேசை போட்டு விப்பாங்க. மாட்டுக்கறியும் காஞ்ச மிளகாயும் சீரகமும் போட்ட சில்லி கான் கார்னே, டமாலே (மக்காச்சோள மாவுக்குள்ள கறி வெச்சு இலையில சுத்தி அவிச்சது), பீன்ஸ். "சில்லி குவீன்ஸ்"னு பேரு அவங்களுக்கு. ரயில் வந்த பிறகு டூரிஸ்ட் கூட்டம் அதப் பாக்கன்னே வந்துச்சு, 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில "சான் அன்டோனியோ சில்லி"ன்னு ஸ்டாலே போட்டாங்க. 1930கள்ல சுகாதாரம்னு காரணம் சொல்லி சிட்டி அவங்கள நெருக்க ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா இல்லாம பண்ணிடுச்சு. ஆனா அதே டெக்சஸ்ல வில்லியம் கெப்ஹார்ட்னு ஒரு ஜெர்மன்காரர் 1890கள்லயே காஞ்ச மிளகாய அரைச்சு சில்லி பவுடர்னு பாட்டில்ல போட்டு, பின்னாடி டின்ல சில்லி, டமாலேன்னு நாடு பூரா வித்து காசு பாத்துட்டாரு. சமைச்சவங்க ரோட்டுலேர்ந்து போனாங்க, பாக்கெட் போட்டவர் கம்பெனி வெச்சாரு. இந்தக் கதை இந்த விஷயத்துல திரும்பத் திரும்ப வரும், பாருங்க.

மெக்சிகோவுல அந்த சில்லி கான் கார்னேவ எவ்ளோ வெறுத்தாங்கன்னா, 1959ல வந்த ஒரு மெக்சிகோ அகராதியில அதுக்கு அர்த்தம் எழுதும்போதே, மெக்சிகன்னு பொய் பேர் வெச்சு டெக்சஸ்லேர்ந்து நியூயார்க் வரை விக்கற அருவருப்பான சாப்பாடுன்னு எழுதி வெச்சிருந்தாங்க. அகராதியில!

இன்னொரு தமாஷ். 1900லயே சான் அன்டோனியோவுல ஓட்டிஸ் ஃபார்ன்ஸ்வொர்த்னு ஒரு வெள்ளைக்காரர் ஹோட்டல் திறந்தாரு, அதுக்குப் பேரே "ஒரிஜினல் மெக்சிகன் ரெஸ்டாரண்ட்". ஒரே தட்டுல எல்லாத்தையும் வெச்சுக் குடுக்கற "ரெகுலர் பிளேட்" அங்க ஃபேமஸ். இன்னிக்கு நீங்க எந்த சின்ன ஊர்ல போனாலும் நம்பர் போட்ட காம்போ, ரெண்டு என்சிலாடா, ஒரு டாக்கோ (டோர்டியாவ மடிச்சு உள்ள கறி வெச்சது), பக்கத்துல சாதம், மசிச்ச பீன்ஸ்னு வருதே, அந்த வழக்கம் அவ்ளோ பழசு. நீங்க இருக்கற டாலஸ்லயே எல் ஃபீனிக்ஸ் 1918லேர்ந்து இருக்கு, மிகேல் மார்டினெஸ்னு மெக்சிகோலேர்ந்து வந்தவர் ஆரம்பிச்சது. லாஸ் ஏஞ்சலஸ்ல எல் சோலோ 1923, அரிசோனா டூசான்ல எல் சாரோ 1922. நூறு வருஷமா ஒரு ஊர்ல ஓடற கடைய வந்து "ஒரிஜினல் இல்ல"ன்னு சொல்றதுக்கு நமக்கு கொஞ்சம் தைரியம் வேணும்.

இப்போ நீங்க சாப்பிட்டிருக்கற ஐட்டம் ஒவ்வொண்ணுக்கும் பிறந்த இடம் பாத்தா சுவாரசியமா இருக்கும். நாச்சோஸ், எல்லாரும் அமெரிக்கன் தியேட்டர் ஐட்டம்னு நெனைக்கறது, அது நிஜமாவே மெக்சிகோல பிறந்தது, எல்லைக்கு அந்தப் பக்கம் பியெத்ராஸ் நெக்ராஸ்ல, 1940கள்ல. இக்னாசியோ அனாயா, செல்லமா நாச்சோ, விக்டரி கிளப்ல வேலை பாத்தவர், டெக்சஸ் பக்கத்துலேர்ந்து வந்த மிலிட்டரி ஆபீசருங்க வீட்டுப் பொம்பளைங்களுக்கு கிச்சன்ல இருந்தத வெச்சு, பொரிச்ச டோர்டியா துண்டு, மேல சீஸ், ஊறப்போட்ட ஹலபீனோ மிளகாய், சூடு பண்ணிக் குடுத்தாரு. மெக்சிகோல ஒரு மெக்சிகன் பண்ணது, அமெரிக்கப் பொருளும் அமெரிக்க கஸ்டமரும், இத எந்தக் கணக்குல எழுதறதுன்னு சொல்லுங்க பாக்கலாம்.

ஃபஹீட்டா டெக்சஸ். ரியோ கிராண்டே பக்கத்து ராஞ்ச்ல வேலை பாத்த மெக்சிகன் ஆளுங்களுக்கு, யாருக்கும் வேணாம்னு ஒதுக்கற வயித்துப் பக்கத்துக் கறிய கூலியோட சேத்துக் குடுப்பாங்க, அத அவங்க கரியில சுட்டு டோர்டியாவுல வெச்சு சாப்பிட்டாங்க. ஹூஸ்டன்ல நின்ஃபா லாரென்சோன்னு ஒரு அம்மா, வீட்டுக்காரர் இறந்து, அஞ்சு புள்ளைங்கள வெச்சுக்கிட்டு டோர்டியா ஃபேக்டரிய ஓட்ட முடியாம திணறி, 1973ல அந்த ஃபேக்டரி முன்பக்கத்துலயே பத்து மேசையப் போட்டு இந்தச் சுட்ட கறி டாக்கோவ விக்க ஆரம்பிச்சாங்க. அப்புறம் ஊரே பிடிச்சுக்கிச்சு. இன்னிக்கு புகையோட "ஸ்ஸ்ஸ்"னு இரும்புத் தட்டுல வந்து நிக்குதே, அது ஏழை வீட்டு வெட்டு. விலை ஏறிப்போய் இப்போ அந்தக் கறி ஏழைங்க வாங்கற விலையில இல்ல.

ஃப்ரோசன் மார்கரீட்டா, அதாவது ஐஸ் கூழா வர்ற டெக்கீலா காக்டெய்ல், உங்க ஊர் கண்டுபிடிப்பு, டாலஸ்ல மரியானோ மார்டினெஸ், 1971. பார்ல மிக்ஸி போட்டே பையன் கை ஓஞ்சு போச்சு, ஒவ்வொரு கிளாசும் ஒவ்வொரு ருசி, கஸ்டமர் கத்தறாங்க, அவரு செவன் இலெவன் கடையில ஐஸ் கூழ் மெஷினப் பாத்துட்டு, ஒரு பழைய ஐஸ்கிரீம் மெஷின வாங்கி அதுல டெக்கீலாவ ஊத்திட்டாரு. அந்த மெஷின் இப்போ வாஷிங்டன்ல ஸ்மித்சோனியன் மியூசியத்துல இருக்கு. இத ஏன் சொல்றேன்னா, "ஏன் இவ்ளோ ஓடுது"ங்கற உங்க கேள்விக்கு பாதி பதில் இங்க இருக்கு. பீன்ஸ், சாதம், மக்காச்சோளம் எல்லாம் மலிவான சாமான், உக்காந்த உடனே சிப்ஸும், தக்காளி மிளகாய்ச் சட்னி மாதிரி சல்சாவும் ஓசியில வருது, உப்பும் காரமும் சாப்பிட்டா தாகம் எடுக்கும், தாகம் எடுத்தா மார்கரீட்டா, லாபம் அதுல. குழந்தைக்கு டோர்டியாவுக்குள்ள சீஸ் வெச்சு சுட்ட கெஸடியா, வெஜிடேரியனுக்கு பீன்ஸ், கறி வேணுங்கறவனுக்கு கறி, பத்து பேரு போனா பத்து பேருக்கும் ஏதாவது இருக்கும், பில்லும் கட்டுக்குள்ள இருக்கும். பியூ ரிசர்ச்ங்கற ஆய்வு நிறுவனம் 2024ல வெளியிட்ட கணக்குப்படி அமெரிக்காவுல பத்துல ஒரு ரெஸ்டாரண்டுக்கு மேல மெக்சிகன் சாப்பாடு குடுக்குது, கவுன்ட்டிகள்ல (நம்ம மாவட்டம் மாதிரி) 85 சதவீதத்துல ஒண்ணாவது இருக்கு. மெக்சிகன் வம்சாவளி ஆளுங்க 3.7 கோடிக்கு மேல இருக்கற நாடு, அதோட அமெரிக்காவுல எந்த ஹோட்டல் கிச்சனுக்குள்ள போய் எட்டிப் பாத்தாலும், இத்தாலியனோ ஜப்பானீஸோ, உள்ள சமைக்கறவங்கள்ல நிறைய பேர் மெக்சிகோக்காரங்கதான், கைத்தொழில் கையிலயே இருக்கு.

டாக்கோ பெல்ங்கற ஃபாஸ்ட்ஃபுட் செயினோட கதைய சொல்லாம விட முடியாது. கலிபோர்னியா சான் பெர்னார்டினோவுல மிட்லா கஃபேன்னு ஒரு மெக்சிகன் குடும்பக் கடை, 1937லேர்ந்து இருக்கு, இன்னிக்கும் இருக்கு. எதிர்த்தாப்புல ஹாட்டாக் கடை வெச்சிருந்த க்ளென் பெல்னு ஒருத்தர் அங்க டாக்கோ வாங்கக் கூட்டம் நிக்கறதப் பாத்து, தினம் போய் சாப்பிட்டு, அவங்க எப்படி பண்றாங்கன்னு பாத்துக் கத்துக்கிட்டாரு. 1962ல கலிபோர்னியாவுல டவுனிங்கற ஊர்ல முதல் டாக்கோ பெல். டாக்கோ ஷெல்ல முன்கூட்டியே பொரிச்சு அடுக்கி வெச்சா நிமிஷத்துல குடுக்கலாம், அதுதான் அவரோட சூத்திரம். மொறுமொறு டாக்கோங்கறது அவர் கண்டுபிடிச்சதில்ல, மெக்சிகன் வீடுகள்ல டோர்டியாவ மடிச்சுப் பொரிக்கற பழக்கம் உண்டு, அப்படி மொத்தமா மடிச்சுப் பொரிக்கற கருவிக்கு நியூயார்க்ல ரெஸ்டாரண்ட் வெச்சிருந்த ஹூவென்சியோ மால்டொனாடோன்னு ஒரு மெக்சிகன் 1950லயே பேட்டன்ட் வாங்கிட்டாரு. இன்னிக்கு டாக்கோ பெல்லுக்கு அமெரிக்காவுல 7,000 கடைக்கு மேல. மெக்சிகோவுக்குள்ள மட்டும் 1992லயும் 2007லயும் ரெண்டு தடவை போய் ரெண்டு தடவையும் மூடிட்டு வந்துட்டாங்க. ரெண்டாவது தடவை மெனுவுல பிரெஞ்சு ஃப்ரைஸ் எல்லாம் சேத்து "நாங்க அமெரிக்கன் கடை"ங்கற மாதிரியே போனாங்க, அப்பவும் போணி ஆகல.

பரிட்டோ விஷயமும் அதே மாதிரி. சிவாவா, சொனோரா பக்கம் பரிட்டோன்னா டோர்டியாவ ஒல்லியா சுருட்டினது, உள்ள ஒரே ஒரு கறி, அவ்ளோதான். சாதம், பீன்ஸ், சல்சா, கிரீம் எல்லாம் அடைச்சு குழந்தை சைஸுக்கு ஃபாயில்ல சுத்தறது சான் ஃபிரான்சிஸ்கோ மிஷன் ஏரியாவுல 1960கள்ல வந்தது, எல் ஃபாரோவா லா கும்ப்ரேவா யார் முதல்லங்கறதுக்கு இன்னும் சண்டை. அந்த ஊர்ல குக்கா இருந்த ஸ்டீவ் எல்ஸ் அதப் பாத்துட்டு 1993ல டென்வர்ல சிப்போட்லேங்கற செயின ஆரம்பிச்சாரு, நடுவுல மெக்டொனால்ட்ஸ் காசு போட்டு 2006ல வெளிய போச்சு. சிப்போட்லேவ மெக்சிகன்னு சொல்லாதீங்க, ஆனா மதியம் பசிக்கு தப்பு சொல்ல ஒண்ணுமில்ல.

சரி, அப்போ எதுதான் வித்தியாசம் காட்டும்? என்னக் கேட்டா சீஸ் மஞ்சளா வெள்ளையாங்கறதெல்லாம் விட்டுட்டு டோர்டியாவப் பாருங்க. காஞ்ச மக்காச்சோளத்த சுண்ணாம்புத் தண்ணியில போட்டுக் கொதிக்க வெச்சு ராத்திரி பூரா ஊற விடுவாங்க, காலையில தேய்ச்சா மேல்தோல் வழுக்கிக்கிட்டு வந்துடும், கழுவி கல்லுல அரைச்சா மாசாங்கற மாவு. சுண்ணாம்பு போடாத சோளத்த அரைச்சா மாவு ஒட்டவே ஒட்டாது, தட்டினா பிஞ்சு போகும். ஆயிரக்கணக்கான வருஷமா அந்த மக்கள் பண்ற வேலை இது. ஐரோப்பாவுக்கு சோளம் போச்சு, இந்த சுண்ணாம்பு வேலை கூடப் போகல. சுண்ணாம்புல வேகாத சோளத்துலேர்ந்து நியாசின்ங்கற பி வைட்டமின் உடம்புல சேராது, அதனால இத்தாலியிலயும், பின்னாடி அமெரிக்கத் தென் மாநிலங்கள்லயும் சோளத்தையே நம்பி இருந்த ஏழைங்க பெலாக்ராங்கற நோய் வந்து ஆயிரக்கணக்குல செத்தாங்க.

அந்த மாவ உருட்டி, அமுக்கி, சூடான கல்லுல போட்டா ரெண்டாவது திருப்புல பொம்முன்னு உப்பும், அப்போ வர்ற வாசனை இருக்கே, ஈர மண்ணும் வறுத்த சோளமும் கலந்த மாதிரி, அது பாக்கெட் டோர்டியாவுல வராது. 1949ல மெக்சிகோவுல ஆரம்பிச்ச மசேக்கா கம்பெனி அந்த மாசாவ காய வெச்சு பவுடர் ஆக்கிடுச்சு, தண்ணி ஊத்திப் பிசைஞ்சா போதும், வீட்டுல அரைச்ச இட்லி மாவுக்கும் கடை பாக்கெட் மாவுக்கும் உள்ள தூரம்தான். அதே குடும்பத்துக் கம்பெனி க்ரூமாதான் அமெரிக்காவுல மிஷன் டோர்டியாவும் விக்குது. மெக்சிகோ சிட்டியிலயே எத்தனையோ கடையில பவுடர் மாவுதான், அதனால மெக்சிகோல இருக்குங்கறதால மட்டும் ஒசத்தின்னும் ஆகிடாது.

இப்ப எங்க போறதுன்னா, "மெக்சிகன்"னு போர்டு தேடாதீங்க, மாநிலப் பேரத் தேடுங்க. எந்த ஊர்க்காரங்க எங்க போய் செட்டில் ஆனாங்களோ அங்க அந்த சாப்பாடு. லாஸ் ஏஞ்சலஸ்ல வஹாக்காக்காரங்க நிறைய, குவலகெட்சான்னு ஒரு கடை 1994லேர்ந்து இருக்கு, மோலேங்கற குழம்புக்குன்னே போகலாம், காஞ்ச மிளகாய் பல வகை, எள்ளு, கொட்டை, கொஞ்சம் சாக்லேட், கறுப்பு நிறம், நம்ம நாக்குக்கு உடனே புரியற சமாசாரம், வறுத்து அரைக்கறது நமக்கு சொல்லித் தர வேண்டியதில்லையே. சிகாகோவுல மிச்சோவகான் ஊர் பன்றிக்கறி கார்னீத்தாஸ். நியூயார்க்ல புவெப்லாக்காரங்க. தென் மாநிலங்கள்ல, ஜார்ஜியா, டென்னசி பக்கம், வெள்ளை சீஸ் டிப்போட வர்ற அந்த ஒரே மாதிரி மெனு கடைங்கள்ல நிறைய ஹலிஸ்கோ மாநிலத்து ஆளுங்களோடது, ஒருத்தர் கடையில வேலை கத்துக்கிட்டு அடுத்த ஊர்ல தனிக்கடை போட்டு, சொந்தக்காரங்களக் கூப்பிட்டுன்னு பரவினது, அதனாலதான் மெனுவே ஜெராக்ஸ் மாதிரி இருக்கும். அவங்க வீட்டுல சாப்பிடறது வேற, கடையில விக்கறது வேற, சில கடையில ஸ்பானிஷ்ல மட்டும் எழுதின தனி மெனு சுவத்துல இருக்கும், சனி ஞாயிறு பிர்ரியா (மசாலாவுல வெந்த ஆட்டுக்கறி), மெனூடோ (மாட்டுக் குடல் சூப்)ன்னு எழுதிருந்தா அதக் கேளுங்க. டாலஸ்ல பெட்ரோல் பங்க் பக்கத்து டாக்கோ கடைகள்ல செங்குத்து கம்பியில கறிய அடுக்கி மேல அன்னாசிய சொருகி சுத்த விட்டு செதுக்கிக் குடுக்கற அல் பஸ்தோர் இருந்தா விடாதீங்க. அந்தக் கம்பியே லெபனான் பக்கத்துலேர்ந்து புவெப்லா வந்தவங்க கொண்டு வந்தது, மெக்சிகோவோட அடையாளமே பாதி அரபுக் கொடை, சுத்தம் அசல்னு பேசறவங்களுக்கு இத எடுத்து விடலாம்.

கலப்புன்னு வந்த பிறகு நம்ம ஆளுங்க கதையும் ஒண்ணு. கலிபோர்னியாவுல 1910கள்லேர்ந்து பஞ்சாபி விவசாயிங்க, ஊர்லேர்ந்து பொண்டாட்டிய கூட்டிட்டு வர சட்டம் விடல, வெள்ளைக்காரப் பொண்ணக் கட்டவும் சட்டம் விடல, அதனால நிறைய பேர் மெக்சிகன் பொண்ணுங்களக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. யூபா சிட்டியில அப்படி ஒரு குடும்பம் நடத்தின எல் ரான்ச்சேரோங்கற ஹோட்டல்ல ரொட்டியில கெஸடியா போட்டு ரொம்ப வருஷம் வித்தாங்க.

விலை பத்தி ஒரு புலம்பல். இத்தாலியன் ஹோட்டல்ல கைல பண்ண பாஸ்தான்னா 25 டாலர் குடுத்துட்டு ஒண்ணும் பேச மாட்டாங்க, அதே ஆளு சோளத்த ஊற வெச்சு அரைச்சு கைல தட்டின டாக்கோ 6 டாலர்னா "டாக்கோக்கு 6 டாலரா, இது அசல் இல்ல"ன்னு ஆரம்பிச்சுடுவாங்க. அசல்னா மலிவா இருக்கணும், சுவர் அழுக்கா இருக்கணும்னு யார் சொன்னது? மெக்சிகோ சிட்டியில எல் கலிஃபா தெ லெயோன்னு நின்னுக்கிட்டே சாப்பிடற ஒரு சின்ன டாக்கோ கடைக்கு 2024ல ஹோட்டல் உலகத்துல பெரிய கௌரவமான மிஷலின் ஸ்டார் குடுத்தாங்க. அதே சமயம் வெள்ளைக்காரர் நடத்தினா அசல் இல்லங்கறதும் முழுசா சரியில்ல, சிகாகோல ரிக் பேலெஸ் 1987லேர்ந்து ஃப்ரன்டேரா க்ரில் நடத்தறாரு, வேலை சுத்தம், ஆனா பேரும் காசும் யாருக்குப் போகுதுங்கற கேள்விய மெக்சிகன் சமையல்காரங்க கேட்டா அதுலயும் நியாயம் இருக்கு, சில்லி குவீன்ஸ் கதையும் மிட்லா கதையும் அவங்களுக்கு நல்லாத் தெரியும்.

காரம் பத்தி: ஹலபீனோல காரமே இல்லன்னு நம்மாளுங்க சொல்வாங்க, காரணம் இருக்கு, டெக்சஸ் ஏ அண்ட் எம் யுனிவர்சிட்டியிலயே காரம் குறைச்ச ஹலபீனோ ரகம் உருவாக்கினாங்க, டப்பா சல்சா கம்பெனிங்களுக்கு அது வசதி. காரம் வேணும்னா அர்போல் மிளகாய் சல்சாவோ ஆபனேரோவோ இருக்கான்னு கேளுங்க.

கடைசியா நீங்க வெஜிடேரியனா இருந்தா கவனம். அசலுக்குப் போகப் போக உங்களுக்குக் கஷ்டம். நல்ல பழைய கடைகள்ல மசிச்ச பீன்ஸ்ல பன்றிக் கொழுப்பு ஊத்துவாங்க, அந்த ஆரஞ்சு சாதத்துல சிக்கன் சூப் தண்ணியோ சிக்கன் பவுடரோ போடுவாங்க, டமாலே மாவுலயும் கொழுப்பு உண்டு, கறி இல்லன்னு மெனுவுல இருக்கறத நம்பாம "மந்தேக்கா" (பன்றிக் கொழுப்பு) இருக்கா, "கால்தோ தெ போயோ" (சிக்கன் சூப் தண்ணி) போட்டிருக்கா, இந்த ரெண்டையும் ஸ்பானிஷ்லயே கேட்டுடுங்க. நீங்க போலின்னு நெனைக்கற டாக்கோ பெல்ல பீன்ஸ் வெஜிடேரியன்தான், சிப்போட்லேலயும் பீன்ஸும் சாதமும் வெஜிடேரியன். அசல் பக்கம் போகணும்னா நோப்பால்னு கள்ளிச்செடி மடல் போட்ட டாக்கோ, பூசணிப்பூ கெஸடியா, வீட்லகோச்சேன்னு சோளத்துல வளர்ற கறுப்புப் பூஞ்சை, இதெல்லாம் கேட்டுப் பாருங்க, மத்திய மெக்சிகோக்காரங்க நடத்தற கடைன்னா பெரும்பாலும் இருக்கும்.